அடங்க வேண்டிய அலை: மீன்களின் நெருக்கடி ஹார்மோன்கள்

ஒரு மீனின் ரத்தத்தில் கார்ட்டிசோல் என்ற நெருக்கடி ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று அறிய விரும்பும் ஆய்வாளர், ஊசியை எடுப்பதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறார். தொட்டிக்குள் கைவலை இறங்கிய நொடியிலிருந்து அவருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 3 நிமிடம். அதற்குள் மீனைப் பிடித்து, மயக்க மருந்து கலந்த நீரில் விட வேண்டும். அது மயங்கிச் சாய்ந்ததும் வால் பகுதியில், முதுகெலும்பை ஒட்டி ஓடும் ரத்தக்குழாயில் ஊசியைச் செருகிச் சிறிது ரத்தம் எடுத்துவிட வேண்டும். கை தாமதித்தால், கிடைக்கும் எண் அமைதியாக நீந்திக்கொண்டிருந்த மீனுடையதாக இருக்காது. வலையைக் கண்டு மிரண்ட மீனுடையதாக இருக்கும். ஒரே தொட்டியில் முதலாவதாகப் பிடித்த மீனுக்கும் பத்தாவதாகப் பிடித்த மீனுக்கும் அளவு வேறுபடுவது இதனால்தான். முதல் மீன் பிடிபடும்போதே மற்றவற்றின் உடலில் கார்ட்டிசோல் ஏறத் தொடங்கிவிடுகிறது.

அந்த 3 நிமிட அவகாசம் கிடைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கார்ட்டிசோலை உடல் சேமித்து வைப்பதில்லை. மூளையிலிருந்து கட்டளை வந்த பிறகே கொலஸ்ட்ராலிலிருந்து அதைப் புதிதாகத் தயாரிக்கிறது. அமைதியாக இருக்கும் டிரவுட் மீனின் ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்குப் பெரும்பாலும் 10 நானோகிராமுக்கும் குறைவாகவே கார்ட்டிசோல் இருக்கும். நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதே மீனைப் பிடித்து நெருக்கி அடைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் அந்த அளவு 100 நானோகிராமையும் தாண்டக்கூடும். பிறகு தொந்தரவு செய்யாமல் விட்டுவிட்டால் சில மணி நேரத்தில் இறங்கி, ஒரு நாளுக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஏறுகிறது, இறங்குகிறது. மீனின் நலம் இந்த இரண்டிலும் அடங்கியிருக்கிறது. கார்ட்டிசோல் ஏறினாலே கேடு என்று எண்ணிக்கொண்டு மீன்களைப் பார்த்தால் பாதி உண்மைதான் கண்ணில் படும். ஏற வேண்டிய நேரத்தில் ஏறாத மீனும், இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காத மீனும் ஆபத்தில்தான் இருக்கின்றன. கடந்த ஐம்பது அறுபது ஆண்டு ஆய்வுகள் காட்டும் உண்மை இதுதான்.

இரண்டு பாதைகள்

‘ஸ்ட்ரெஸ்’ என்பதை நாம் மன அழுத்தம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். மனிதருக்கு அது பொருந்தலாம். மீனைப் பற்றிப் பேசும்போது ‘நெருக்கடி’ என்ற சொல்லே பொருத்தம். உயிரியலில் இந்தக் கருத்துக்கு வழி திறந்தவர் ஹான்ஸ் செலியே. குளிர், காயம், நஞ்சு, மிதமிஞ்சிய உழைப்பு என்று வெவ்வேறு தீங்குகளை எலிகளுக்கு நேர்வித்தாலும் அவற்றின் உடல் ஏறக்குறைய ஒரே விதமாகப் பதில் தருகிறது என்று 1936இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஒரு சிறு கடிதத்தில் அவர் எழுதினார். காரணங்கள் பல, பதில் ஒன்று என்ற அந்தக் கருத்து மீன்களுக்கும் பெருமளவு பொருந்துகிறது. வலையானாலும், கொக்கின் நிழலானாலும், பிராணவாயு குறைந்த நீரானாலும் மீனின் உடலில் இரண்டு பாதைகள் விழித்தெழுகின்றன.

முதலாவது நரம்பு வழிப் பாதை. மூளையிலிருந்து புறப்படும் நரம்பு நேராகக் குரோமாஃபின் செல்களைத் தட்டி எழுப்புகிறது. இந்தச் செல்களில் அட்ரினலினும் நார் அட்ரினலினும் ஏற்கெனவே சிறு பைகளில் நிரம்பித் தயாராக இருக்கின்றன. ஆகவே நொடிப்பொழுதில் ரத்தத்தில் கொட்டிவிடுகின்றன. இரண்டாவது பாதை நிதானமானது. மூளையின் ஹைப்போதலாமஸ் ‘சிஆர்எஃப்’ என்ற செய்திப் பொருளைச் சுரக்கிறது. அது பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து ‘ஏசிடிஎச்’ ஹார்மோனை வெளியேற்றுகிறது. ஏசிடிஎச் ரத்தத்தில் பயணம் செய்து கார்ட்டிசோல் தயாரிக்கும் செல்களைச் சென்றடைகிறது. பாலூட்டிகளில் ஹைப்போதலாமஸிலிருந்து பிட்யூட்டரிக்கு இந்தச் செய்தி நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியே போகிறது. எலும்பு மீன்களிலோ நரம்பிழைகளே நேராகப் பிட்யூட்டரிக்குள் நுழைந்து செய்தியைச் சேர்க்கின்றன.

நமக்குச் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி எலும்பு மீன்களுக்குத் தனி உறுப்பாக இல்லை. தலைக்குப் பின்னால், சிறுநீரகத்தின் முன்பகுதியில் ரத்தக்குழாய்களை ஒட்டி இந்த இரண்டு வகைச் செல்களும் சிதறிக் கிடக்கின்றன. இந்தப் பகுதியைத் தலைச்சிறுநீரகம் என்கிறார்கள். சிறுநீர் பிரிக்கும் வேலையை இது பெரும்பாலும் விட்டுவிட்டது. மீனுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவதில்லை. ரத்த அணுக்களும் நோய் எதிர்ப்பு அணுக்களும் பெருமளவு பிறந்து வளர்வது இந்தத் தலைச்சிறுநீரகத்தில்தான். நெருக்கடி ஹார்மோன் சுரக்கும் இடமும் நோயை எதிர்க்கும் படை பிறக்கும் இடமும் ஒன்றாக இருப்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்வோம்.

செவுளில் கொடுக்கும் விலை

தரையில் போட்ட மீனாய்த் துடிக்கிறான் என்று நாம் சொல்வதுண்டு. அந்தத் துடிப்பின் முதல் கட்டம் அட்ரினலினுடையது. மண்ணீரல் சுருங்கி, சேர்த்து வைத்திருந்த சிவப்பணுக்களை ரத்தத்தில் தள்ளுகிறது. கல்லீரல் தன் கிளைகோஜனைக் குளுக்கோஸாக்கி அனுப்புகிறது. செவுள் இழைகளில் வழக்கமாக ரத்தம் அதிகம் ஓடாத பகுதிகளும் திறந்துகொள்கின்றன. டிரவுட் போன்ற மீன்களில் சிவப்பணுக்களே அட்ரினலினுக்குப் பதில் தருகின்றன. தசைகள் களைத்துப் புளிப்பேறினால் ஹீமோகுளோபினின் பிராணவாயுப் பிடிப்பு தளர்ந்துவிடும் என்பதால், அவை தமக்குள் சேரும் அமிலத்தை வெளியே தள்ளிப் பிடிப்பைக் காத்துக்கொள்கின்றன. தப்பி ஓட வேண்டிய மீனுக்குத் தேவையான அத்தனையும் இதில் இருக்கின்றன.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. செவுள் மூச்சு உறுப்பு மட்டும் இல்லை. உடலுக்கும் நீருக்கும் நடுவே உள்ள மெல்லிய வேலியும் அதுதான். நன்னீர் மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு ஏறக்குறைய கடல்நீரின் உப்பில் மூன்றில் ஒரு பங்கு. சுற்றியுள்ள குளத்து நீரிலோ உப்பு மிகக் குறைவு. பிராணவாயு அதிகம் வரட்டும் என்று செவுளை அகலத் திறந்தால் அதே வழியில் நீர் உடலுக்குள் ஏறுகிறது, உப்பு வெளியே கசிகிறது. கடல்மீனுக்கு இது தலைகீழ்: நீரை இழந்து உப்பை ஏற்கிறது. மூச்சு வேண்டுமானால் உப்புச் சமநிலையை இழக்க வேண்டும், அதைக் காக்க வேண்டுமானால் மூச்சைக் குறைக்க வேண்டும். பெரும்பாலான எலும்பு மீன்கள் இந்தப் பேரத்திலிருந்து தப்ப முடியாது. வண்டியில் ஏற்றிச் செல்லும் நன்னீர் மீன்களின் நீரில் லிட்டருக்குச் சில கிராம் கறியுப்பு கலப்பதன் பொருளும் இதுதான். வெளியே உப்பு இருந்தால் உள்ளிருந்து கசிவது குறையும்.

பிறகு வரும் கார்ட்டிசோல் இந்தக் கலகத்தை ஒழுங்குபடுத்துகிறது. புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் ஆற்றல் எடுக்க வழி செய்கிறது. செவுளில் உப்பைக் கையாளும் செல்களைப் பெருக்குகிறது. பாலூட்டிகளில் உப்பைக் காக்கும் பொறுப்பு அல்டோஸ்டிரோன் என்ற தனி ஹார்மோனுடையது. எலும்பு மீன்களுக்கு அந்த ஹார்மோன் இல்லை. ஆற்றல், உப்பு என்ற இரண்டு பொறுப்புகளும் பெரும்பாலும் கார்ட்டிசோலின் தோளில் விழுகின்றன. ஆற்றில் வளர்ந்த இளம் சால்மன் கடலில் இறங்கத் தயாராகும் வாரங்களில் கார்ட்டிசோல் உயர்கிறது. அதுவும் வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்துதான் உப்பை வெளியேற்றும் நொதியைச் செவுளில் பெருக்குகின்றன. கார்ட்டிசோல் இல்லாவிட்டால் அந்தச் சால்மனால் கடலைத் தாங்க முடியாது. அதை வெறும் துன்பத்தின் அடையாளமாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இறங்காத அலை

இனி, ஏறிய கார்ட்டிசோல் இறங்காமல் போனால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம். வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. பசிபிக் சால்மன்கள் கடலிலிருந்து தாம் பிறந்த ஓடையைத் தேடி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் எதிர்நீச்சல் போட்டு வருகின்றன. ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை தின்பதை நிறுத்திவிடுகின்றன. செந்நிறச் சால்மனின் வெள்ளி உடல் சிவப்பாகிறது, தலை பச்சையாகிறது. முட்டையிட்டு முடிக்கும்போது தோல் உரிந்து, துடுப்புகள் தேய்ந்து, வெள்ளைப் பூஞ்சை படர்ந்து கிடக்கின்றன. சில நாட்களில் இறந்துவிடுகின்றன.

இந்தச் சாவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஆஸ்வால்ட் ராபர்ட்சன். முதல் உலகப் போரின்போது ரத்தத்தைச் சேமித்து வைத்துக் காயமடைந்த வீரர்களுக்குச் செலுத்தும் முறையைத் தொடங்கிவைத்த மருத்துவர் அவர். ஓய்வுபெற்ற பிறகு கலிபோர்னியாவில் சால்மன்களின் பக்கம் திரும்பினார். முட்டையிடும் காலத்துச் சால்மனின் கார்ட்டிசோல் சுரக்கும் திசு பெருத்திருப்பதையும், ரத்தத்தில் அந்த ஹார்மோன் மிகுந்திருப்பதையும் அவரும் அவருடைய குழுவினரும் பதிவுசெய்தார்கள். இளம் டிரவுட் மீன்களுக்குள் கார்ட்டிசோல் வில்லைகளைப் பதித்தபோது, முட்டையிட்ட சால்மனில் காணும் அதே வகைச் சிதைவுகள் அவற்றிலும் தோன்றின. கொக்கனீ என்ற ஏரிவாழ் சால்மனின் இனச்சுரப்பிகளை முதிர்வதற்கு முன்பே நீக்கிவிட்டுப் பார்த்தார். பெரும்பாலும் 4 வயதையொட்டி முட்டையிட்டு இறந்துவிடும் இந்த மீன்களில் சில, அறுவைக்குப் பின் 8 வயது வரை வாழ்ந்தன. 1961இல் இந்த முடிவு வெளியானது.

எழுந்த கார்ட்டிசோலை அடக்க மூளையில் ஒரு தடுப்பு ஏற்பாடு உண்டு. ரத்தத்தில் கார்ட்டிசோல் போதிய அளவு வந்ததும் அதுவே ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் சுரப்பதை நிறுத்தச் சொல்கிறது. முட்டையிடும் சால்மனில் இந்தத் தடுப்பு தளர்ந்துவிடுகிறது. கடைசிப் பயணத்துக்கான ஆற்றலையெல்லாம் சொந்தத் தசையிலிருந்தே பிழிந்தெடுக்கக் கார்ட்டிசோல் உதவுகிறது. அந்த ஆற்றல் அடுத்த தலைமுறையாகிறது; தாய் தந்தையரின் உடல் ஓடைக்கு உரமாகிறது. இயற்கை இந்த இனக்குழுவுக்கு இறங்காத அலையையே வாழ்க்கை முறையாக அமைத்திருக்கிறது.

பண்ணை மீனுக்கு அப்படி எந்தப் பயணமும் இல்லை. அதற்கு நீடித்த கார்ட்டிசோல் வெறும் இழப்பு. இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரிக்கரை ஆய்வகத்தில் ஆலன் பிக்கரிங்கும் அவருடைய குழுவினரும் 1980களில் பழுப்பு டிரவுட் மீன்களின் கார்ட்டிசோலைச் செயற்கையாக உயர்த்திவைத்தார்கள். நீர்ப்பூஞ்சையும் பாக்டீரியா நோயும் அவற்றை எளிதில் தாக்கின. அதற்குப் பெரும் உயர்வு தேவைப்படவில்லை. சிறிய உயர்வு நீடித்தாலே போதுமானதாக இருந்தது. தலைச்சிறுநீரகம் எதிர்ப்புப் படையின் பிறப்பிடம் என்று பார்த்தோம் அல்லவா? கார்ட்டிசோல் அங்கேயே, அந்த அணுக்களுக்கு நடுவிலேயே சுரக்கிறது. குளத்தில் நோய் வந்தால் கிருமி எங்கிருந்து வந்தது என்று தேடுகிறோம். பல நேரம் கிருமி எப்போதும் அங்கேதான் இருந்திருக்கும். மீனின் காவல்தான் தளர்ந்திருக்கும்.

எழாத அலை

இதற்கு நேர் எதிரான காட்சி கனடாவில் தென்பட்டது. செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பகுதியில் பாதரசம், பிசிபி போன்ற மாசுகள் கலந்த இடங்களில் வாழ்ந்த மஞ்சள் பெர்ச், பைக் மீன்களை அலீஸ் ஹொன்டெலாவும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். மாசு நீரில் வாழும் மீனுக்குக் கார்ட்டிசோல் எப்போதும் உயர்ந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். 1992இல் வெளியான ஆய்வு வேறொன்றைச் சொன்னது. தூய நீர் மீன்களைப் பிடித்தபோது அவற்றின் கார்ட்டிசோல் வழக்கம்போல் உயர்ந்தது. மாசுபட்ட இடத்து மீன்களைப் பிடித்தபோது அந்த அளவுக்கு உயரவில்லை. கார்ட்டிசோல் சுரக்கும் செல்களைத் தனியே எடுத்து, காட்மியம் போன்ற உலோகங்களுக்கு உட்படுத்திய பின்னாளைய சோதனைகளிலும் அவற்றின் சுரக்கும் திறன் குன்றியது தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பு ஆய்வு முறையையே மாற்றியது. அமைதியாக இருக்கும்போது எடுத்த ஒரே ஒரு எண்ணைக் கொண்டு, ‘இந்த மீன் நலமாக இருக்கிறது’ என்று சொல்லிவிட முடியாது. குறைந்த கார்ட்டிசோல் நிம்மதியின் அடையாளமாகவும் இருக்கலாம், களைத்துப்போன சுரப்பியின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு: மீனைச் சிறிது தொந்தரவு செய்துவிட்டு, ஏறுகிறதா என்று பார்ப்பது. ஏறினால் அது உயிர்ப்போடு இருக்கிறது. ஏறாவிட்டால், வெளியே தெரியாமல் ஏதோ கெட்டிருக்கிறது.

நார்வேயின் சால்மன் பண்ணைகளில் இந்த இரண்டு கேடுகளும் ஒரே மீனில் கூடியிருப்பதைக் காண முடிந்தது. கூட்டமாக வளர்க்கும் மீன்களில் சில வளராமல் மெலிந்து, நீரின் மேற்பரப்பில் அசைவற்று மிதக்கும். 2016இல் மார்கோ விண்டாஸும் சக ஆய்வாளர்களும் இத்தகைய மீன்களை ஆராய்ந்தார்கள். அவற்றின் கார்ட்டிசோல் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. மூளையில் செரட்டோனின் என்ற நரம்புச் செய்திப் பொருளின் இயக்கமும் மிகுந்திருந்தது. புதிதாக நெருக்கடி கொடுத்தால் நலமான மீன்களில் இவை உயர்ந்தன. இந்த மீன்களில் மேலும் உயர இடமே இருக்கவில்லை. மனிதரின் நாட்பட்ட மனச்சோர்வில் காணும் மாற்றங்களோடு இதை அந்த ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். மீன் நம்மைப் போல் வருந்துகிறது என்று இதைக் கொண்டு முடிவுகட்டத் தேவையில்லை. முதுகெலும்புள்ள உயிர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பழைய ஏற்பாடு அந்த மீன்களில் செயலிழந்திருந்தது என்பது வரை உறுதி.

பிறவியும் பழக்கமும்

எல்லா மீன்களும் ஒரே மாதிரி ஏறி இறங்குவதில்லை. அதே விண்டர்மியரில் டாம் பாட்டிங்கரும் டோபி கேரிக்கும் வானவில் டிரவுட் மீன்களை 3 மணி நேரம் நெருக்கமாக அடைத்துவைத்து, கார்ட்டிசோல் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தார்கள். அதிகம் ஏறியவற்றைத் தமக்குள்ளும், குறைவாக ஏறியவற்றைத் தமக்குள்ளும் இனப்பெருக்கம் செய்யவைத்தார்கள். குஞ்சுகளிலும் அந்த வேறுபாடு தொடர்ந்தது. 1999இல் வெளியான முடிவின்படி இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 40 விழுக்காடு மரபுவழி வந்தது. குறைவாக ஏறும் மீனையும் அதிகம் ஏறும் மீனையும் ஒரே தொட்டியில் விட்டால் பெரும்பாலும் குறைவாக ஏறும் மீனே மற்றதை அடக்கி ஆண்டது.

அப்படியானால் குறைந்த கார்ட்டிசோல் உள்ள இனத்தை உருவாக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் இந்த மீன்களை இங்கிலாந்திலிருந்து நார்வேக்குக் கொண்டுபோனபோது, அதிகம் ஏறும் மீன்கள் பயணத்தில் கூடுதலாக எடை இழந்தன. அதன்பின் இரை எடுப்பதில் அவையே முந்திக்கொண்டன. முன்பு துணிச்சலாக இருந்தவை பின்வாங்கின. சுரக்கும் இயல்பு பிறவியில் வந்தது. நடத்தையைப் பட்ட அனுபவம் புரட்டிப்போட்டது.

அனுபவம் இதமாகவும் இருக்கலாம். பவளப்பாறைகளில் ‘துப்புரவு மீன்’ என்று சொல்லப்படும் சிறு மீன்கள் பெரிய மீன்களின் உடலிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். நடுநடுவே துடுப்பால் அவற்றின் முதுகை வருடும். மார்த்தா சோரஸின் குழு இதை ஆராய, துப்புரவு மீன் வடிவில் ஒரு பொம்மை செய்தது. அது முன்னும் பின்னும் அசைந்து வருடும்படி வைத்த தொட்டியிலிருந்த பெரிய மீன்களுக்கு, அசையாத பொம்மை வைத்த தொட்டியில் இருந்தவற்றைவிடக் கார்ட்டிசோல் குறைந்தது. ஒட்டுண்ணி நீங்கிய நிம்மதி என்று இதைச் சொல்ல முடியாது; பொம்மை எதையும் தின்னவில்லை. தொடுகை மட்டுமே அதைச் செய்தது. இது 2011இல் வெளிவந்தது.

பண்ணைக்கு வருவோம்

இந்த அறிவு குளத்தங்கரையில் என்ன செய்யும்? 1986இல் புரூஸ் பார்ட்டனும் கார்ல் ஷ்ரெக்கும் வெளியிட்ட சோதனை இதற்கு நேரடியான பதில் தருகிறது. இளம் சினூக் சால்மன்களுக்கு 3 மணி நேர இடைவெளியில் மூன்று முறை சிறு தொந்தரவு கொடுத்தார்கள். முதல் அலை இறங்குமுன் இரண்டாவது வந்தது. இரண்டாவது இறங்குமுன் மூன்றாவது வந்தது. கார்ட்டிசோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தொந்தரவும் தனித்தனியே தாங்கக்கூடியதுதான். சேர்ந்து வந்தபோது நிலைமை மாறிவிட்டது.

நம் பண்ணைகளில் ஒரே நாளில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். காலையில் வலை இழுக்கிறோம். அள்ளித் தரம் பிரிக்கிறோம். எடை போடுகிறோம். பையில் அடைக்கிறோம். வெயிலில் வண்டி ஓடுகிறது. இறங்கியதும் புதிய குளத்தில் கொட்டுகிறோம். ஆறு அலைகள், நடுவே ஓர் இடைவெளி இல்லை. மூன்று நான்கு நாள் கழித்துக் குஞ்சுகள் மிதக்கும்போது விற்றவரைக் குறை சொல்கிறோம்.

தமிழ்நாட்டில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு வளர்ப்போர் கையாளும் பழைய முறை ஒன்றுக்கு இந்த அறிவியல் முழுத் துணையாக நிற்கிறது. அனுப்புவதற்கு முதல் நாளே குஞ்சுகளைப் பிடித்து, குளத்துக்குள் கட்டிய ஹாப்பா வலைத்தொட்டியில் இரை போடாமல் விட்டுவைப்பார்கள். வயிறு காலியாவதால் பைக்குள் கழிவும் அமோனியாவும் குறையும். பிடிபட்ட அலையும் இரவோடு அடங்கும். மறுநாள் பிராணவாயு நிரப்பிய பாலித்தீன் பையில் ஏறும் குஞ்சு, புதிதாக எழும் ஒரே அலையோடு பயணம் தொடங்கும். இறங்குமிடத்திலும் பையைப் பிரிக்காமல் கால் மணி நேரம் குளத்து நீரில் மிதக்கவிட்டு, வெப்பநிலை ஒன்றானதும் சிறிது சிறிதாகக் குளத்து நீரைப் பைக்குள் கலந்து, குஞ்சுகள் தாமாகவே நீந்தி வெளியேற விடுவார்கள். அவசரத்தில் இந்தக் கால் மணி நேரத்தைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

உண்பவருக்கும் இதில் பங்கு உண்டு. நெடுநேரம் போராடிச் செத்த மீனின் தசையில் லாக்டிக் அமிலம் சேர்கிறது, ஆற்றல் தீர்ந்துவிடுகிறது. அதனால் உடல் விறைப்பு விரைவில் வந்து விரைவில் நீங்குகிறது. சதை சீக்கிரம் நெகிழ்கிறது. மூளையில் குத்தி நொடியில் கொல்லும் இகேஜிமே முறையை ஜப்பானியர் கையாள்வது மீனின் சுவைக்காகத்தான். ஆனாலும் மீன் படும் பாடு அதனால் குறைகிறது என்பதும் உண்மை.

மீன் வளர்ப்பவர்களிடம் வேண்டுவது ஒன்றுதான். நெருக்கடியே இல்லாத குளத்தை யாராலும் தர முடியாது, தரவும் தேவையில்லை. மீனின் உடல் நாற்பது கோடி ஆண்டுகளுக்கும் மேலாக நெருக்கடியைச் சந்தித்து மீளப் பழகியது. ஒரு தொந்தரவுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓர் இரவு விடுங்கள். எழுந்த அலை அடங்க அந்த இரவு போதும்.